மூன்று நாற்பதுக்குக் காலாவதி

மழை வருவதுபோல் பாவ்லா காட்டிவிட்டு வராமல் போன ஒரு மத்தியானத்தில், வெல்லக்கட்டி அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ‘பழுது’ என்று எழுதி ஒட்டியிருந்த காகிதமே பழுப்பேறிப் பழுதாகியிருந்தது. ஏற வேண்டியது நாலு மாடி. கையில் ஒரு கோப்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. கையெழுத்துப் போட இறங்கி வந்த மனசு, மை தீர்ந்ததால் மாறிவிடக் கூடாது. தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

வெல்லக்கட்டி என்பது ஆபீஸ் வைத்த பெயர். பழைய கிரெடிட் கார்டு பாக்கிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி வசூலிக்கும் ஆபீஸ் அது. அங்கே போனில் இருபத்திரண்டு பேர் கத்துவார்கள். இவன் ஒருவன் மட்டும் கொஞ்சுவான். வசூலில் முதலிடமும் இவனுக்குத்தான்.

கார்டு பாக்கிக்கு ஆயுசு மூன்று வருடம். கடைசியாகக் காசு கட்டிய நாளிலிருந்து மூன்று வருடம் கம்மென்று கடந்துவிட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது. பாக்கி இருக்கும், பல் இருக்காது. ஆனால் அதற்குள் கடன் வாங்கியவர் ஒரு நூறு கட்டினாலோ, ‘ஆமாம், நான் தர வேண்டியதுதான்’ என்று ஒரு வரி ஒத்துக்கொண்டாலோ, மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இது வெல்லக்கட்டிக்குத் தெரியும். வாங்கியவர்களுக்குத் தெரியாது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

“சார், முழுசா யாரு கேட்டா? ஒரு நூறு மட்டும் போடுங்க. உங்க நல்ல மனசுக்கு ஒரு அடையாளம். மேலிடத்துல நான் பேசிக்கறேன்.”

போடுவார்கள். நல்ல மனசு இல்லாதவன் போனையே எடுக்க மாட்டானே.

காலையில் மேனேஜர் கூப்பிட்டிருந்தார்.

“டேய் வெல்லம், அந்த டிராயிங் வாத்தியார் ஃபைல் ஞாபகம் இருக்கா? இன்னையோட மூணு வருஷம் முடியுது.”

“ஆள் செத்துட்டாரே சார்.”

“அவர் செத்தா என்ன, வீட்டுக்காரம்மா இருக்காங்கல்ல? அவங்களே கூப்பிட்டு, ‘பாக்கியை நான் ஏத்துக்கறேன், கையெழுத்துப் போடறேன்’னாங்க. ஒரே ஒரு கண்டிஷன். அன்னைக்கு அவர்கிட்ட பேசின தம்பிதான் வரணுமாம். மூணு மணிக்கு.”

“வேற யாரையாவது அனுப்பலாமே சார்?”

“ஏன், நாலு மாடி ஏறினா நீ கரைஞ்சிடுவியா? போய்ட்டு வாடா.”

வெல்லக்கட்டி மேற்கொண்டு மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் கேட்பார்கள். காரணம் ஒன்று இருந்தது. மூன்று வருடமாக அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் மாடியில் யார் வீட்டிலோ டிவி சத்தம். மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை அழுதது. நாலாம் மாடியில் ஒன்றுமில்லை. நடையின் கோடியில் ஒரே ஒரு பல்பு, எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வாசனை மட்டும் கனமாக நின்றது. தூரிகை கழுவிய தண்ணீரை மாதக்கணக்கில் கொட்டாமல் விட்டால் வரும் புளித்த வாசனை.

அழைப்பு மணியில் விரல் படும் முன்பே கதவு திறந்தது.

“வாங்க தம்பி. குரலை வச்சு ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. படிய வாரிய தலை, துவைத்து மடிப்புக் கலையாத புடவை. கண்கள் மட்டும் வேறு யாருடையதோ போல உள்ளே போயிருந்தன. சின்னக் கூடம். மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, சுவரில் கடிகாரம். மேசை நடுவே ஒரு தட்டில் பழைய செல்போன். முதுகு திறந்திருந்தது. பேட்டரி தனியே பக்கத்தில் கிடந்தது.

வெல்லக்கட்டி காகிதத்தை நீட்டினான். “இங்கதாம்மா. ஒரே கையெழுத்து. பணமெல்லாம் மெதுவா பாத்துக்கலாம்.”

“போடறேன். கொஞ்ச நேரம் உக்காருங்க. மூணு நாப்பது வரைக்கும். அவர் பேசட்டும்.”

“யாரும்மா?”

“அவர்தான்.”

தட்டில் கிடந்த போன் அடித்தது.

பேட்டரி அதன் பக்கத்திலேயே கிடந்தது.

அவன் அந்தப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான்.

“இதுல... பேட்டரி இல்லம்மா.”

“அதைத்தான் நானும் மூணு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு நாளைக்கு நாப்பத்தோரு தடவை. அன்னைக்கு நீங்க அத்தனை தடவை கூப்பிட்டீங்க. ஒரு நாள் ராத்திரி முழுசாத் தூங்கினதில்ல தம்பி. எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டார். உங்களைத்தான் கேப்பார். ‘அந்தத் தம்பி ஒத்துக்கணும். மூணு வருஷம் தாண்டிட்டா எனக்குப் பாத்தியதை கிடையாது’ம்பார்.”

“தாண்டிட்டா?”

“போயிடுவாராம். இன்னைக்கு மூணு நாப்பதோட. அன்னைக்கு அவர் விழுந்த நேரம் அது. காலாவதி.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அதனால சொல்றேன், அவர் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் தூக்கம் வரும்.”

வெல்லக்கட்டிக்குப் பயத்தின் நடுவிலும் ஒரு சின்ன ஆறுதல். பேய் என்றால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. காலக்கெடு என்றால் தெரியும். ஒத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று அவனைவிட நன்றாக அறிந்தவன் அந்த ஊரிலேயே கிடையாது.

போனை எடுத்துக் காதில் வைத்தான். ஐஸ் மாதிரி இருந்தது.

“வணக்கம் சார். நல்லா இருக்கீங்களா? பதட்டப்படாதீங்க. பழைய பாக்கி ஒண்ணு இருக்கு.”

அது அவனுடைய வாக்கியம்.

அந்தக் கொஞ்சலும் அவனுடையதுதான்.

குரல் மட்டும் மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

துண்டித்தான். மறுபடி அடித்தது. துண்டித்தான். இப்போது அவனுடைய சொந்த போன் சட்டைப் பையில் நடுங்கியது. எடுத்துப் பார்த்தான். அழைப்பவர் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதை அணைத்தான், அது அணைந்தது. தட்டில் கிடந்தது மட்டும் அடங்கவில்லை.

“எடுத்துடுங்க தம்பி,” என்றாள் அவள். “எடுக்கலன்னா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போகும். உங்க ஆபீஸ்ல கத்துக்கிட்டது.”

எடுத்தான்.

“கொன்னேன்னு சொல்லச் சொல்லல சார். முழுசா யாரு கேட்டா? பாதி போதும்.”

பல்லைக் கடித்துக்கொண்டான். புளித்த வாசனை மூக்கிலிருந்து நாக்குக்கு இறங்கியது.

“அதுவும் கஷ்டமா? சரி. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு அடையாளத்துக்கு.”

குரலுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட நடை கேட்டது. தூரத்தில் பிள்ளைகள் கோரஸாக வாய்ப்பாடு சொன்னார்கள். பிறகு மூச்சிரைப்பு. “தம்பி, நெஞ்சு ஒரு மாதிரி... ஒரு நிமிஷம்...”

அதற்குப் பதில் சொன்ன குரல் இனிமையாக இருந்தது.

“எல்லாரும் அதான் சொல்றாங்க சார்.”

அது வெல்லக்கட்டியின் குரல்.

தொப்பென்று ஒரு சத்தம். தரையில் போன் உருண்டது. யாரோ தண்ணீருக்குள்ளிருந்து மூச்சு விட முயல்வதுபோல் ஒரு ஓசை. பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போனார்கள். “லைன்ல இருக்கீங்களா சார்?” என்றது இனிய குரல். எட்டாம் வாய்ப்பாடு.

அன்று காலைதான் வாத்தியார் நூறு கட்டியிருந்தார். கட்டியவுடன், இனி முழுப் பாக்கியும் வேண்டும் என்று இவன் முன்னைவிட அதிகமாக நெருக்கினான். அந்தப் பள்ளிக்கூட ஆபீஸ் நம்பர் இவனுக்கு மனப்பாடம். வாத்தியாரின் மானத்தை வாங்க அந்த வாரம் மட்டும் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தான். பன்னிரண்டாவது தடவை கூப்பிட்டிருந்தால் இருபதடி தூரத்திலிருந்து யாராவது ஓடி வந்திருப்பார்கள். அதற்குப் பதிலாகக் குறிப்பில் எழுதினான்: ‘பதில் இல்லை. பத்து நிமிடம் கழித்து அழைக்கவும்.’

பத்து நிமிடம் கழித்து அழைத்தான்.

அடித்தது. எடுத்தான். அடித்தது. எடுத்தான். ஒவ்வொரு தடவையும் கேட்பது குறைந்துகொண்டே வந்தது. ஒரு வார்த்தை. ஒரு ‘ம்’. நாக்கைக் கடித்ததில் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

மூன்று நாற்பது.

அடித்துக்கொண்டிருந்த போன் பாதியில் நின்றது.

வாசனை போய்விட்டது. கீழே எங்கோ ஒரு ஆட்டோ திரும்பும் சத்தம்கூட வரமாகக் கேட்டது. வெல்லக்கட்டி மேசையில் தலை கவிழ்ந்து, சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியாத ஒன்றைச் செய்தான்.

“முடிஞ்சுது தம்பி,” என்றாள் அவள். “பேனாவைக் குடுங்க.”

வாங்கினாள். காகிதத்தில் வைத்தாள். எழுதவில்லை.

“ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா? இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்ல. டாக்டர் சொன்னார், உடனே போயிடுச்சு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அப்படித்தானா?”

‘ஆமாம்மா’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதில் அவனுக்கு ஈடு யாருமில்லை. ஆனால் அந்த வாய்ப்பாட்டுச் சத்தம் இன்னும் காதில் இருந்தது. இனி கெடு இல்லை என்ற தைரியமும் இருந்தது. வெல்லக்கட்டி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக இனிப்பில்லாமல் பேசினான்.

“உடனே போகலம்மா. வலிக்குதுன்னு சொன்னார். நான் நம்பல. விழுந்ததும் கேட்டுச்சு. ஸ்கூல் நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. நான் கூப்பிடல. என் மேலதாம்மா தப்பு.”

ஒரு சொட்டுக் கண்ணீர் அவள் மூக்கோரம் இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு பேனாவை மூடி, அவன் சட்டைப் பையிலேயே செருகினாள்.

“உங்க போனைப் போட்டு மணி பாருங்க தம்பி.”

போட்டான்.

மூன்று முப்பத்து நாலு.

“சுவத்துல இருக்கிறது பத்து நிமிஷம் ஃபாஸ்ட். காலைல நான்தான் தள்ளி வச்சேன். அது மூணு நாப்பது காட்டினதும் அடிக்கிறதை நிறுத்துறேன்னு அவரும் ஒத்துக்கிட்டார்.” அவள் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. “முழுசா கேட்டா யாரு தம்பி தருவாங்க? எனக்கு உண்மை தெரியணும், அவருக்கு நீங்க கெடுவுக்குள்ள ஒத்துக்கணும். இனி மூணு வருஷம் மறுபடி முதல்லேருந்து. இனி இந்த வீட்டுக்கு போன் வராது. நான் போய்ப் படுக்கறேன். கதவைச் சாத்திட்டுப் போங்க.”

அவன் இறங்கி வந்தான். எத்தனை மாடி இறங்கினோம் என்று நினைவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மனம் போன போக்கில் சுற்றினான். போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. இருட்டியபோது, எல்லாம் ஒரு கிறுக்குப் பொம்பளையின் வேலை என்று பாதி நம்பத் தொடங்கி வீட்டுக்கு வந்தான்.

மனைவி மகளின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க போனீங்க? உங்களைத் தேடி ஒரு சார் எனக்குக் கூப்பிட்டார்.”

“எந்த சார்?”

“பேர் சொல்லல. உங்க பழைய பழக்கமாம், ஏதோ பாக்கி விஷயமாம். என்ன மரியாதை தெரியுமா? ஒரு மணி நேரம் பேசினார். உங்க அக்கா நம்பர், அத்தை நம்பர், மாடி வீட்டுக்காரங்க நம்பர் எல்லாம் கேட்டார். குடுத்தேன். பாப்பா ஸ்கூல் நம்பரும் குடுத்தேன்.”

“அதை ஏன்டி குடுத்தே?”

“ஏன் கத்தறீங்க? கேட்ட விதம் அப்படி. உங்களை மாதிரியே கொஞ்சிக் கொஞ்சிப் பேசினார்.” அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “ஒண்ணுதான் ஒரு மாதிரியா இருந்துச்சு. அந்த ஒரு மணி நேரமும் நிறுத்தாமப் பேசினாரு. நடுவுல ஒரு தடவைகூட மூச்சு வாங்கவே இல்லங்க.”