முயலுக்கு ஏற்ற தாளம்

எதைக் கண்டாலும் விரலால் தட்டிப் பார்ப்பதால் அவளுக்கு ‘டொக்கு’ என்று பெயர். பள்ளி நாடகத்தில் இசை அவள் பொறுப்பு. மேடையோரம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

இருட்டுக் காட்டுக் காட்சி வந்தது. சில சுரங்களைச் சேர்த்து அழுத்தினாள். கணினியிலிருந்த அர்பெஜியேட்டர் என்ற இசைச் செயலி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவள் திரையில் நிரப்பி வைத்திருந்த கட்டங்களின்படி ஓயாமல் வாசித்தது. மேலிருந்து கீழே, இடைவெளியே இல்லாமல், யாரோ படிக்கட்டில் தடதடவென்று துரத்தி வருவதுபோல.

முயல் மேடையைக் கடந்து ஓடிவர வேண்டும். ஆனால் முயல் வேஷம் போட்ட ஒன்றாம் வகுப்புப் பையன் நடுங்கியபடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். பெரிய காதுகள் சரிந்து கண்ணை மறைத்திருந்தன. அவனுக்குப் பின்னால் மேடையின் விளிம்பு.

டொக்கு பக்கத்தில் நின்ற நாடக ஆசிரியையிடம் திரும்பினாள்.

“மிஸ், அவன் விழுந்துடுவான்.”

“மியூசிக்கை நிறுத்திடு.”

“நிறுத்தினா லைட்டை அணைச்சிடுவாங்க மிஸ். அப்படித்தானே பேசி வச்சிருக்கோம்.”

மிஸ்ஸின் முகம் வெளிறியது. அவனைப் பிடிக்க மேடைக்குக் கீழே சுற்றிக்கொண்டு ஓடினார்.

கத்திக் கூப்பிட்டால் இன்னும் மிரண்டுவிடுவான். அவனைத் துரத்துவது இந்த இசைதான் என்று டொக்குவுக்குப் புரிந்தது. அவசரமாக மவுஸைப் பிடித்தாள். விரல் எதிலோ பட்டு, இசை இன்னும் வேகமெடுத்தது. முயல் மேலும் ஓரடி பின்வாங்கியது.

“அழாதே. கட்டத்தைப் பாரு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வேகத்தைக் குறைத்தாள். ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டமாக அழித்தாள். கீழே இறங்கிய சுரங்களை மேலே ஏறும்படி மாற்றினாள்.

டிங்... டிங்... டிங்...

குதிகால் விளிம்பைத் தொட்ட இடத்தில் முயல் நின்றது. காதைத் தூக்கிவிட்டு, இசை வந்த பக்கம் பார்த்தது.

டொக்கு எழுந்து, ஒவ்வொரு டிங்குக்கும் ஒரு குதி குதித்துக் காட்டினாள்.

அவனும் ஒன்று குதித்தான். முன்னால்தான். பிறகு இன்னொன்று. அரங்கம் சிரித்தது. குதித்துக் குதித்தே மேடையைக் கடந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, காடு நல்ல காடாயிடுச்சு.”

அப்போதுதான் டொக்குவுக்கு மூச்சு வந்தது. இசையை நிறுத்தினாள். விளக்குகள் அணைந்தன.

முயல் மட்டும் குதிப்பதை நிறுத்தவில்லை.