கருநீலமும் மஞ்சள் மீன்களும்

வாலுவும் அக்காவும் சேர்ந்து இருக்கும் அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான். அந்த ஒரு ஜன்னலுக்குத் திரை தேர்ந்தெடுப்பதற்குள் வீடு இரண்டுபட்டுவிட்டது.

திரை தைப்பவர் தரையில் உட்கார்ந்து, மாதிரித் துணிகள் ஒட்டிய தடித்த புத்தகத்தை விரித்தார். மஞ்சள் மீன்கள் நீந்தும் மெல்லிய துணி ஒன்றின்மேல் வாலு விரலை வைத்தாள்.

"இதுதான்!"

"அடிப்பாவி! வெயில் அப்படியே உள்ள வருமே. நான் எங்க தூங்குறது?" என்றாள் அக்கா.

அக்கா நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை; பகலில்தான் தூக்கம். அவளுக்குப் பிடித்தது கனமான கருநீலத் துணி.

"அதைப் போட்டா பட்டப்பகல்லயே இருட்டாயிடும். நான் எப்படிப் படம் வரையறது?"

"மேசையை ஹாலுக்கு மாத்திட்டாப் போச்சு," என்றாள் அம்மா.

வாலுவின் முகம் சுருங்கியது. ஹாலில் எந்நேரமும் டிவி அலறும். ஜன்னலடி மேசை ஒன்றுதான் அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்த இடம்.

தையற்காரர் பென்சிலைக் காதில் செருகினார். "நிதானமா முடிவு பண்ணுங்கம்மா. நடுவுல டீ வந்தா வேணாம்னு சொல்லமாட்டேன்."

அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

அக்கா பெரிதாகக் கொட்டாவி விட்டாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. அதைப் பார்த்த வாலு சண்டையை நிறுத்திவிட்டு, அக்காவின் கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று முகத்தில் விழுந்தது. பாவம், இதில் எப்படித்தான் தூங்குகிறாளோ!

போர்வையை இழுத்து மூடினாள். ஒரே இருட்டு. விலக்கினாள். அறை முழுக்க வெளிச்சம். மறுபடி மூடினாள்.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க ஆஸ்பத்திரியில ஒவ்வொரு கட்டிலைச் சுத்தியும் திரை இருக்குமே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"இருட்டு உனக்குத்தானே வேணும்? கட்டிலுக்குக் கட்டிட்டாப் போதுமே. ஜன்னலுக்கு எதுக்கு?"

அக்காவின் அடுத்த கொட்டாவி பாதியில் நின்றது. "தினமும் நூறு தடவை இழுத்து மூடுறேன். எனக்குத் தோணலையே!"

தையற்காரர் ஜன்னலை விட்டுவிட்டுக் கட்டிலை அளந்தார். "மேல கம்பி மாட்டிடலாம். உச்சியில ஒரு முழத்துக்கு வலைத்துணி வச்சுட்டா ஃபேன் காத்தும் வரும்."

அடுத்த வாரம் ஜன்னலில் மஞ்சள் மீன்கள் ஆடின. வாலு வெளிச்சத்தில் உட்கார்ந்து வரைந்தாள். கருநீலத் திரைக்குள் அக்கா அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

"இப்போ எல்லாம் சரிதானே?" என்று அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"சரிதாம்மா," என்று கிசுகிசுத்தாள் வாலு. "வெளிச்சம் உள்ள போகல. குறட்டைதான் வெளிய வருது!"