கையவிப்பு

காலையில் விதை நிலையத்துக்கு வந்ததும் வெந்நீர்த் தொட்டியை ஐம்பது டிகிரிக்கு ஏற்றுவதுதான் என் முதல் வேலை. சூடு குறைந்தால் நச்சுயிரி சாகாது. கொஞ்சம் ஏறினால் விதையே வெந்துவிடும். தென்கரையிலிருந்து ட்ரோன் கொண்டுவந்து போடும் தக்காளி விதைகளை வலைப்பையில் கட்டி இறக்குவேன். பிறகு குளிர்நீரில் அலசி, உலர்த்தி, முளைக்கப் போட்டுப் பார்ப்பேன். விதையைச் சுற்றியிருந்த துணி நேராக நெருப்புக்குப் போகும்.

விதைக்கு ஆற்றைத் தாண்ட அனுமதி உண்டு. நோயிலேயே நின்று பிழைத்த செடியின் விதை என்பதால் அரசுக்கு அதன் மேல் ஆசை. மனிதருக்குத்தான் அனுமதி இல்லை. சுருள்கருகல் என்ற அந்த நோய் தின்பது செடியை. குடியிருப்பது செடியைத் தொட்டவரின் உள்ளங்கையில். எத்தனை சோப்புப் போட்டாலும் வியர்வைத் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு கை பட்டால் ஒரு பசுங்குடில் காலி.

தென்பெண்ணைப் பாலத்தை அடைத்த அன்று என் வீட்டுக்காரர் மாதேஷ் நாற்று வாங்க அக்கரை போயிருந்தார். சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று போன மனுஷன். ஆறு வருடம் ஆகிறது. நாற்று வாங்க வேறு நாளா கிடைக்கவில்லை என்று இன்றும் எனக்கு ஆத்திரமாக வரும்.

அவர் அனுப்பும் விதையைப் பெயர் பார்க்காமலே சொல்லிவிடுவேன். சாறோடு புளிக்க வைத்து, வழவழப்பு போகக் கழுவி, உதிரி உதிரியாக உலர்த்தித்தான் அனுப்புவார்.

இந்தக் கோடையில் மனிதருக்கும் ஒரு சிகிச்சை வந்தது. அரசாணையில் அதன் பெயர் 'கைப்புதுக்கம்'. நிலையத்தில் நாங்கள் கையவிப்பு என்போம். மருந்தும் வெந்நீருமாக உள்ளங்கைத் தோலை உரித்து, துளைகளை அடைத்துவிடுவார்கள். முடித்துக்கொண்டு பாலம் தாண்டலாம். அப்படி வந்த ஒருவர் கொதிக்கிற டீ டம்ளரைப் பிடித்தபடி சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கொப்பளித்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அன்றே மாதேஷுக்குப் போன் போட்டேன்.

"வராதீங்க. நோயோட சேர்ந்து கையும் செத்துடும்."

"கை போனா போவுது நாகு. நான் வந்தாப் போதாதா?"

சண்டை போட்டேன். நல்ல முறை ஏதாவது வரும், ஒரு வருடம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். யோசிக்கிறேன் என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் எதையும் யோசித்ததில்லை.

அடுத்து வந்த பொட்டலத்தில் அவர் பெயர்தான் இருந்தது. ஆனால் விதைகள் வழவழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புளிக்க வைக்கக்கூட நேரமில்லாமல் பிழிந்து அனுப்பியிருக்கிறார். கிளம்பிவிட்டார் என்று புரிந்தது. பாலத்துச் சாவடிக்குப் போன் போட்டேன். சிகிச்சைக்கு உள்ளே அனுப்பியாயிற்று என்றார்கள். போனை வைத்துவிட்டு அந்த விதைகளைக் கழுவி வெந்நீரில் இறக்கினேன். வேறென்ன செய்ய?

அவை முளைத்து இரண்டிலை விட்ட சமயம், கைக்கட்டைப் பிரித்து நிலைய வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அதேதான். கைகள் இரண்டும் இளஞ்சிவப்பாக, ஒரு ரேகைகூட இல்லாமல் மழமழவென்று இருந்தன. பார்த்ததும் அழுதுவிட்டேன்.

உங்கள் விதை எல்லாம் பிழைத்துவிட்டது, வந்து பாருங்கள் என்று முளைப்பறைக்குக் கூட்டிப்போனேன். ஜன்னல் இல்லாத அறை அது. ஆசையாக ஒரு நாற்றைத் தூக்கி எனக்குக் காட்டினார். தண்டு விரலுக்கிடையில் நசுங்கிப் பச்சையாக வழிந்தது. குனிந்து பார்த்த பிறகுதான் விட்டார். பரவாயில்லை, நிறைய இருக்கிறது என்று சொல்லி அவர் கைகள் இரண்டையும் என் கைகளுக்குள் வாங்கிக்கொண்டேன்.

அப்போது கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. தொட்டி ஆறிவிடுமே என்று தோன்றியும் நான் நகரவில்லை. பிடியை இன்னும் இறுக்கினேன்.

"நாகு," என்றார் அவர், பயந்த குரலில். "எங்க போய்ட்ட? கையக் குடு."