போட்டாச்சு

பஸ் டிரைவர் துப்பறிவாளர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார், வாங்கியதைக் குடிக்க மறந்துவிட்டார். அவருடைய கைக்குழந்தைக்கு முதுகெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது. துணி சோப்பைக் கவனியுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். புதுச் சோப்புத்தூள் வாங்கி வந்தது டிரைவரின் தங்கை. மனைவி வாய்தவறி ஒரு வார்த்தை விட்டுவிட, தங்கை பெட்டியைக் கட்டிவிட்டாள். இனி காலேஜ் விடுதியிலேயே தங்கிக்கொள்வதாகச் சாயங்கால ரயிலில் கிளம்புகிறாள்.

"குழந்தை மேல உசுரையே வச்சிருக்கா சார். அவ போயிட்டா வீடு வீடா இருக்காது," என்றார்.

துப்பறிவாளருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். அவர் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் அவருடைய மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். இரண்டு பிள்ளை பெற்ற மனிதன். கேஸ் என்றால் மட்டும் கால் தரையில் நிற்காது.

டிரைவர் வீட்டுக்குப் போனதும் மச்சான் புதுத்தூளை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, விஷம் இல்லை என்று அறிவித்துவிட்டு, வாய் கொப்பளிக்க ஓடினான். நிதானம் கொடியில் காய்ந்த குழந்தைச் சட்டையைத் தடவினார். அட்டை மாதிரி விறைத்திருந்தது. பழைய தூள் இருந்தபோதே லேசாகத் தடித்ததா என்று கேட்டார். ஆமாம் என்று மனைவி இழுத்தாள். தூள் எதுவானாலும் இந்த வீட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்றும் குறைப்பட்டுக்கொண்டாள். எவ்வளவு போடுகிறீர்கள் என்று தங்கையையும் மனைவியையும் தனித்தனியாக விசாரித்தார். இருவரும் ஒரே ஒரு கரண்டி என்றார்கள். இருவர் முகத்திலும் பொய் இல்லை. அதில் மச்சானுக்குப் பெரிய ஏமாற்றம்.

நிதானம் அந்தக் காய்ந்த துணிகளை அப்படியே மெஷினில் போட்டு, வெறும் தண்ணீரை விட்டு ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் நுரை மூடியை முட்டிக்கொண்டு வந்தது. சோப்பே போடாத தண்ணீரில் அத்தனை நுரை.

எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "காலையில மெஷின் வேலையை முதல்ல யார் ஆரம்பிக்கிறது?"

"நான்தான்," என்றாள் தங்கை. "முடிச்சுட்டு, 'அண்ணி, போட்டாச்சு'ன்னு குரல் குடுத்துட்டு காலேஜுக்கு ஓடிடுவேன்."

"எதைப் போட்டாச்சு?"

"துணி, சோப்பு ரெண்டும்தான்."

மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நான் துணி மட்டும்னு நெனச்சேனே! நானும் ஒரு கரண்டி கரைச்சு ஊத்திட்டு, இவர்கிட்ட போட்டாச்சுன்னு சொல்லுவேன்."

இப்போது எல்லாக் கண்ணும் டிரைவர் மேல். அவர் தலையைச் சொறிந்தார். "நானும் துணியைத்தான் சொல்றான்னு நெனச்சேன். நுரை பொங்கினாத்தானே அழுக்கு போகும்? குழந்தைத் துணியாச்சேன்னு ரெண்டு கரண்டியா போட்டு, சுவிட்சைத் தட்டிடுவேன்."

கேஸ் கொண்டுவந்த ஆளே குற்றவாளி! மச்சான் வாயைப் பிளந்தான். தங்கை தூளைத் துணிக்கடியில் தூவுகிறவள், மனைவி கரைத்து ஊற்றுகிறவள். அடுத்து வருகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிதானம் விளக்கினார். அதிகமாகப் போட்ட சோப்பு அலசினாலும் போகாமல் துணியிலேயே தங்கிவிடும், வியர்வை பட்டதும் தோலைக் கடிக்கும். "மூணு பேரும் குழந்தை மேல பாசத்துல போட்டதுதான். கொஞ்சம் குறைச்சுக்கோங்க," என்றார்.

தங்கை தலையாட்டினாள். ஆனால் போய்ப் பெட்டியைத் தூக்கினாள். "குழந்தைக்குச் சரியாயிடும் அண்ணி. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

அண்ணி சொன்ன வார்த்தை சொன்னதுதானே.

மனைவி அவள் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினாள். அதைத் திறந்து, மடித்து வைத்த துணி மொத்தத்தையும் அள்ளி மெஷினில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டாள்.

"உன் துணியிலயும் அதே சோப்புதானேடி இருக்கு? போற இடத்துல உனக்குத் தடிச்சா யாரு பார்ப்பா?" என்றவளின் குரல் உடைந்தது. "நான் சொன்னது தப்பு. ஈரத் துணியோட எங்க போவே? உள்ள போ."

தங்கை மெஷினைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இதுல சோப்பு போடாதீங்க, அண்ணி," என்றாள்.