வாய்க்காலில் வந்த அலிபி

போன் அடித்தது.

வெள்ளிக்கிழமை காலை, மணி பத்தே கால்.

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. உள்ளே சாராள் மட்டும்தான் இருந்தாள். எதிர் நாற்காலி காலி. அதில் உட்கார வேண்டிய ஹேமாவதி எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட லேட்டாக வந்தவள் இல்லை.

"ஹலோ..."

"இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடி பேசறேன். ஹேமாவதின்னு உங்க ஆபீஸ்ல..."

"ஆமா மேடம். என் ஃப்ரெண்ட், என் பார்ட்னர். என்ன ஆச்சு?"



"மொதல்ல உக்காந்துக்கம்மா..."

சாராள் உட்காரவில்லை. கேட்டு முடித்தபோது உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட். கட்டி முடிக்கவில்லை. அதில் ஹேமாவதி ஒரு வீடு புக் பண்ணியிருந்தாள். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று அடிக்கடி போய்ப் பார்ப்பாள். நேற்று மதியம் மூன்று மணி வாக்கில் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்திருக்கிறாள்.

இல்லை... தள்ளப்பட்டிருக்கிறாள். வலது மணிக்கட்டில் யாரோ அழுத்திப் பிடித்த விரல் தடம்.

* * *

பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடி நேரிலேயே வந்தார். ஐம்பதை நெருங்கும் வயசு. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த பெண்மணி, பேச்சில் அது ஒட்டிக்கொண்டே வந்தது.

"ஹேமாவதி வூட்டுக்காரரு சக்திவேல். திருமுடிவாக்கத்துல வெல்டிங் பட்டறை. ரெண்டு பேருக்கும் ஆவாதாமே?"

"சண்டை உண்டு மேடம். ஆனா கொலை பண்ற ஆள் இல்ல."

"நேத்து மத்தியானம் எங்க இருந்தேன்னு கேட்டா, மனசு சரியில்ல, பைக்ல சுத்திகினு இருந்தேன்றான். இன்னா பதில் இது?" ஜெயக்கொடி நோட்டைப் புரட்டினார். "ஹேமாவதி போன்ல கடைசியா ரெண்டே பேரு. ஒண்ணு சக்திவேல். இன்னொண்ணு... உங்க வூட்டுக்காரரு காலேப்."

"ஆபீஸ் விஷயமா இருக்கும். நாங்க மூணு பேர்தான் இந்தக் கம்பெனியே."

"அவரு நேத்து எங்க?"

"சேலையூர்ல, வீட்ல. நேத்து அவருக்கு வீட்ல இருந்து வேலை."

"நீங்க பாத்தீங்களா?"

"கண்ணால பாக்கல. ஆனா அதைவிட கெட்டியா சொல்லுவேன் மேடம். இங்க பாருங்க."

சாராள் திரையைத் திருப்பினாள். ஆபீஸ் சர்வரின் பதிவு. காலேப்பின் லேப்டாப் எப்போது, எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்று வரிவரியாக இருந்தது.

"ஒரு மணியிலேர்ந்து நாலு வரைக்கும். நானும் அவரும் ஒரே ஃபைல்ல வேலை செஞ்சோம். அவர் டைப் பண்றது எனக்கு இங்க தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வந்த அட்ரஸ் எங்க வீட்டு இன்டர்நெட்."

"அவரு போனும் சேலையூர் டவர்தான் காட்டுது." ஜெயக்கொடி எழுந்தார். "சரிம்மா. இதை முழுசா ப்ரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு வையி. அது கைக்கு வந்துட்டா காலேப்பை விட்டுட்டு, சக்திவேலைத் தூக்கி உள்ள வெச்சிடலாம்."

அதாவது, சாராள் போடப் போகும் கையெழுத்து ஒருத்தனைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கும், இன்னொருத்தனை ஜெயிலுக்கு அனுப்பும்.

* * *

நாற்பத்தேழு வரிகள்.

ப்ரிண்ட் கொடுப்பதற்கு முன் சாராள் எண்ணிப் பார்த்தாள். எண்ணாமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

நாற்பத்தாறு வரிகளில் சேலையூர் வீட்டு முகவரி.

ஒரே ஒரு வரியில், மதியம் 3.05க்கு, வேறு முகவரி. ஏதோ மொபைல் கம்பெனியின் டாங்கிள், லேப்டாப்பில் செருகினால் எங்கிருந்தும் நெட் கொடுக்கிற சின்ன சிம் கருவி. வந்தது பேக்கப் ப்ரோகிராம். நாளுக்கு ஒரே தடவை, மதியம் மூன்று மணிக்கு மேல், தானாக எழுந்து ஃபைல்களைக் காப்பி எடுத்து அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும், லேப்டாப் நெட்டில் இருந்தால். இல்லையென்றால் சும்மா கிடக்கும்.

ஒரே லேப்டாப். ஒரே நேரம். இரண்டு முகவரிகள்.

 இது எப்படி முடியும் என்று அந்த ஏரியாவிலேயே தெரிந்த ஒரே ஆள் சாராள்தான். அவள் எழுதிய 'வாய்க்கால்' ப்ரோகிராம் செய்கிற வேலையே இதுதான்!

சாதாரணமாக ஒரு ப்ரோகிராம் வெளியே பேச வேண்டுமென்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிட்டு, 'இந்த முகவரிக்கு இணைப்பு கொடு' என்று கேட்கும். வாய்க்கால் அந்தக் கூப்பாட்டை நடுவழியிலேயே மடக்கும். மேனேஜருக்குப் போக வேண்டிய கடிதத்தை வாசலிலேயே வாங்கிக்கொள்கிற பியூன் மாதிரி. மடக்கியதைத் தானே வைத்திருக்கிற தனி நெட்வொர்க் வழியாக வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வெளியே விடும். ப்ரோகிராமுக்கும் தெரியாது, சிஸ்டத்துக்கும் தெரியாது. காரில் உட்கார்ந்து டைப் அடித்தால், சேலையூர் வீட்டில் உட்கார்ந்து அடித்தது போலவே பதிவாகும். நடுவில் பத்து நிமிஷம் டைப் அடிக்காமல் எழுந்து போனால்... டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று பெண்டாட்டி நினைத்துக்கொள்வாள்.

ஆனால் சில ப்ரோகிராம்கள் பியூனிடம் கடிதம் கொடுப்பதில்லை. வேண்டிய அத்தனையையும் தன்னோடு கட்டிக்கொண்டு வந்து, நேராக மேனேஜர் ரூமுக்குள் நுழைந்துவிடும். அதை வாய்க்காலால் மடக்க முடியாது. பேக்கப் ப்ரோகிராம் அந்த ஜாதி. இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சாராள் எழுதி வைத்திருந்தாள்.

காலேப் கையேடு படிக்கிற ஆள் இல்லை.

சாராளுக்கு அழுகை வரவில்லை. அவமானம்தான் வந்தது. கண்ணால் பார்த்ததைவிட கெட்டி என்று போலீஸிடம் மார்தட்டியது அவள் வாய். அதைச் சொல்ல வைக்கத்தான் நேற்று மூன்று மணி நேரம் அவளோடு ஒன்றாக வேலை செய்திருக்கிறான். காலேஜில் தொடங்கிப் பதினாறு வருஷம் கூடவே இருந்தவன், அவளைச் சாட்சியாக்கத்தான் அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஒரு போன் செய்தாள். பிறகு இருபது நிமிஷம் விடாமல் டைப் அடித்தாள்.

* * *

நான்கு மணிக்கு காலேப் வந்தான். கண் சிவந்திருந்தது. ஹேமாவதிக்காக அழுதிருப்பான் என்று காலையில் பார்த்திருந்தால் நம்பியிருப்பாள்.

"சாரா... சாப்டியா?"

"3.05க்கு ஒரு பேக்கப் வந்திருக்கு. டாங்கிள்ல இருந்து."

காலேப் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பொய் சொல்லலாமா என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது முகத்தில் தெரிந்தது.

"வாய்க்காலை பெங்களூர்ல ஒரு கம்பெனிக்கு வித்துட்டேன், சாரா."

"யார் பேர்ல?"

"...என் பேர்ல."

"நாலு வருஷம் காலேப். நம்ம அபி டெங்குல கெடந்தப்பக்கூட ஆஸ்பத்திரி பெஞ்ச்ல உக்காந்து நான் எழுதினது."

"எழுதின. விக்கத் தெரிஞ்சுதா உனக்கு?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"பெங்களூர்லேர்ந்து வந்த மெயிலை ஹேமா பாத்துட்டா," என்றான். "சனிக்கிழமைக்குள்ள நீயே சாராகிட்ட சொல்லு, இல்லன்னா நான் சொல்லிடுவேன்னா. பேசிக்கலாம்னுதான் போனேன். கேக்கவே மாட்டேன்னுட்டா. கையைப் பிடிச்சேன்... உதறினா..."

"பேசப் போனவன் எதுக்குப் போனை வீட்ல வெச்சுட்டுப் போன?"

காலேப் திரையைச் சுட்டிக்காட்டினான்.

அவன் குரல் மாறியது. "அந்த வரியை அழிச்சிடு."

"சக்திவேல்?"

"அவன் என்ன, ஹேமாவைத் தாங்கு தாங்குன்னா தாங்கினான்? போகட்டும். அபிக்கு அப்பா வேணாமா? தள்ளு... நானே பண்றேன்."

சாராள் நாற்காலியை விட்டு எழுந்தாள். காலேப் உட்கார்ந்தான். தன் பாஸ்வேர்டைப் போட்டு சர்வருக்குள் போனான். 3.05 வரியைத் தேடினான். தட்டினான்.

'ஒரு வரி நீக்கப்பட்டது.'

மூச்சை விட்டான். சிரிக்கக்கூடச் சிரித்தான்.

"முடிஞ்சுது சாரா. இனிமே நீ கையெழுத்துப் போட்டா போதும்."

"எங்க அழிச்ச?"

"சர்வர்லதான்."

"சர்வருக்கு நீ போகவே இல்ல காலேப்." என்றாள் சாராள். "இந்தக் கம்ப்யூட்டர்ல மத்தியானம் வாய்க்காலைப் போட்டுட்டேன். நீ கூப்பிட்ட கூப்பாட்டை நடுவுல மடக்கி, நான் செஞ்சு வெச்ச ஒரு டூப்ளிகேட் சர்வருக்கு அனுப்பிடுச்சு. அசல் பதிவு அப்படியே இருக்கு. உன் பாஸ்வேர்டைப் போட்டு உன் கையாலேயே நீ அழிக்கப் பாத்ததும் இப்ப பதிவாயிடுச்சு."

பின்னாலிருந்த ஸ்டோர் ரூம் கதவு திறந்தது.

ஜெயக்கொடி. பக்கத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"எல்லாம் காதால கேட்டுகினுதான் இருந்தோம். அந்த டாங்கிள் சிம்மும் நேத்து மூணு மணிக்கு சிங்கப்பெருமாள் கோவில் டவர்லதான் இருந்துகீது. எழுந்திரு சார்."

காலேப் சாராளைப் பார்த்தான். கெஞ்சப் போகிறான் என்று அவள் நினைத்தாள். உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், கெஞ்சினால் தாங்க மாட்டோமே என்று பயந்தும் போனாள்.

அவன் கெஞ்சவில்லை. ஜெயக்கொடி பக்கம் திரும்பினான்.

"மேடம்... வாய்க்காலை எழுதினதே இவதான். ஒவ்வொரு வரியும் இவளுது. நான் வீட்லயே இருந்த மாதிரி இந்த அலிபியை எனக்கு செட் பண்ணிக் கொடுத்ததும் இவதான். எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாது, வேணும்னா கேட்டுப் பாருங்க."

சாராள் அப்போதுதான் அழுதாள்.

நான்கு வருஷமாக அவன் வாயிலிருந்து அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. எழுதினது இவள்தான். அதையும் அவளை மாட்டிவிடத்தான் சொன்னான்.

ஜெயக்கொடி அவன் கையில் விலங்கை மாட்டினார்.

"ரொம்ப சரி சார். ப்ரோகிராம் அவங்களுது, அதை அவங்க பேர்லயே எழுதிடறேன். நீங்க சொந்தமா பண்ணது இந்தக் கொலை ஒண்ணுதான். அதை உங்க பேர்ல போட்டுக்கலாம், யாரும் பங்குக்கு வர மாட்டாங்க."