அருந்தாத நீர்

ஐப்பசித் திங்களின் முழுமதி கீழ்வானில் எழுந்து, கரைபுரண்டோடிய வெள்ளாற்றின் நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த அந்திவேளையில், நாணற்பூக்கள் தலைவணங்கி வழிவிட, ஒற்றைப் படகொன்று மருதந்துறைக் கோட்டையின் நீர்வாயிற் படிகளில் வந்து ஒதுங்கியது. அன்பார்ந்த வாசகர்களே! அந்த எழிலைக் கண்டு மகிழக் கோட்டைக்குள் அன்று ஒருவருக்கும் மனமில்லை. அக்கரையில் கூவிளமலைப் படையின் பந்தங்கள் வரிசை வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. கோட்டைக்குரிய வேளிர் தலைவரோ தோளில் அம்பு பாய்ந்து நினைவற்றுக் கிடந்தார். படகில் வந்தவன் பகைவரின் தூதன். அவன் நலமாகத் திரும்பினால் சமாதானத்துக்கு வழியுண்டு; திரும்பாவிட்டால் விடிவதற்குள் கோட்டை சாம்பலாகும்.

தூதனை உருவிய வாளோடு முற்றத்துக்கு அழைத்து வந்த படைத்தலைவன் குவாவனைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவன் மார்பெல்லாம் தழும்பு. முதுகில் ஒன்றுகூட இல்லை. ஆனால் எதிரில் நிற்பவன் வாய் திறக்குமுன்பே அவன் மனத்தைப் படித்துவிடுவதாக ஒரு பெருமை அவனுக்கு உண்டு. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது அவன் வாயில் ஓயாது புழங்கும் வாக்கு. அந்த ஒரு சோற்றையும் அவன் பெரும்பாலும் தொட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

முற்றத்தில், காயம்பட்ட தந்தையின் இடத்தில் நின்று, அவர் மகள் வரகுணை தன் கையாலேயே வெள்ளிச் செம்பில் நீர் ஏந்தி வந்தாள். வந்தவர் பகைவரேயானாலும் முதலில் நீர், பிறகு தாம்பூலம், அதன் பின்னரே பேச்சு என்பது மருதந்துறையின் மரபு. கை நனைக்குமுன் "ஏன் வந்தீர்?" என்று கேட்பது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம்.

தூதன் தலைவணங்கிச் செம்பை வாங்கினான். உதட்டருகே கொண்டு போகாமல் தரையில் வைத்தான். வாய் திறவாமல் நின்றான். வரகுணை மீண்டும் எடுத்து நீட்டினாள். மீண்டும் அவ்வாறே செய்தான். முற்றத்தில் சலசலப்பு எழுந்தது.

"தேவி! இதற்கு மேலும் பொறுப்பதா?" என்று குவாவன் சீறினான். "பகைவன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்கிறான். இவன் தூதன் அல்லன். கோட்டையின் பலவீனத்தை வேவு பார்க்க வந்தவன். ஆணையிடுங்கள், இவன் தலை உருளட்டும்!"

"கை நனைக்கமாட்டேன் என்று அவர் சொன்னாரா, படைத்தலைவரே?"

"சொல்லவும் வேண்டுமா? கண்ணுக்குத் தெரிகிறதே!"

"கண்ணுக்குத் தெரிவது அவர் நீர் அருந்தவில்லை என்பது மட்டுமே. மற்றதெல்லாம் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. அவர் உதடு வெடித்திருப்பதைப் பாருங்கள். செம்பை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் தவிக்கிறார். அவரையே கேட்டுவிடுவோம்."

"கை நனைக்காத விருந்தினரைக் காரணம் கேட்பதா? மரபு என்னாவது, தேவி?"

"மரபை மீறிய பழி என்னைச் சேரட்டும். கேளாமல் கொன்ற பழி நம் ஒருவரையும் சேர வேண்டாம்."

என்னே அப்பெண்ணின் துணிவு! வாளேந்தியவர்கள் எல்லாம் தெரிந்தவர்களைப்போல் நின்ற முற்றத்தில், தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வீரம் அவள் ஒருத்திக்கே இருந்தது. அவள் தூதன் முன் சென்று, "ஐயா, தாகத்தோடு வந்தும் நீர் அருந்தாதது ஏன்? தாங்கள் வந்த காரியம் யாது?" என்று நேராகவே கேட்டாள்.

தூதன் நெடுமூச்செறிந்தான். "கேட்டீர்களே, தேவி! பிழைத்தேன்!" என்றான். "எங்கள் மலையில், தூது சுமப்பவன் அதை இறக்கிவைக்குமுன் நீர் அருந்தலாகாது. வீட்டுக்குரியவர் கேட்குமுன் அதை வாய்விட்டு உரைக்கவும் ஆகாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே முற்றத்தில் ஒருவர் இவ்வாறே தாகத்தோடு நின்றார். அவரை ஒருவரும் கேட்கவில்லை."

குவாவனுக்குச் சுரீரென்றது. நரைத்த தாடியும் நெடிய உருவமுமாக நின்ற அந்த மனிதரை அவன் மறக்கவில்லை. அவர் கழுத்தில் கைவைத்துப் படகுவரை தள்ளியவன் அவனேதான். அன்று மூண்டதுதான் இந்தப் போர். அதில்தான் அவனுடைய ஒரே தம்பி மாண்டான்.

"அவர்... வெறும் தூதர்தானே?" என்றான் குவாவன்.

"கூவிளமலைத் தலைவர் சேந்தன் அவர். எங்கள் வழக்கப்படி, பெண் கேட்கத் தந்தையே தனியாகத் தூது செல்ல வேண்டும். இம்மாளிகையின் சிறுமியைத் தம் மகனுக்குக் கேட்க வந்தார். அவமானத்தில் வாய்மூடித் திரும்பியவர், சென்ற திங்கள் சாகும் தறுவாயில்தான் வந்த காரணத்தை மகனிடம் சொன்னார். தந்தை இல்லையேல் மகனே தூது செல்ல வேண்டும்."

அவன் தலைப்பாகையை அவிழ்த்தான். தலைவருக்கன்றி வேறெவருக்கும் உரிமையில்லாத கூவிளமாலை, பொன்னால் செய்த வில்வ இலைமாலை, அவன் குடுமியில் நிலவொளி பட்டு மின்னியது. "கூவிளமலைத் தலைவன் விடங்கன் நான். சொல்லை இறக்கிவைத்துவிட்டேன்" என்றான்.

குவாவன் கையிலிருந்த வாள் கல்தரையில் விழுந்தது. ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தம்பி இன்று உயிரோடிருப்பானே என்று அவன் நெஞ்சு வெந்தது. கண்ணீரை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

வரகுணை செம்பை எடுத்து மூன்றாம் முறையாக நீட்டினாள். விடங்கன் ஒரு சொட்டு மிச்சமின்றிப் பருகினான். நிமிர்ந்தபோது இருவர் கண்களும் சந்தித்தன, உடனே விலகவுமில்லை.

அதைக் கண்டதும் குவாவன் கண்ணீரோடு துள்ளினான். "தேவி சம்மதித்துவிட்டார்! கொட்டுங்கள் மணமுரசை!"

"பொறுங்கள், படைத்தலைவரே!" வரகுணையின் இதழ்க்கடையில் குறும்பு ஒன்று அரும்பியது. "நீர் கொடுத்தது தாகத்துக்கு. விடை வேண்டுமென்றால், வேண்டியவர் கேட்கட்டும்."

போர்க்களத்தில் நடுங்கி அறியாத விடங்கன் செம்பைக் கீழே வைக்க இடம் தேடித் தடுமாறினான். பிறகு, "வேளிர் மகளே, என்னை மணக்கத் தங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டான்.

"என் தந்தையின் எண்ணத்தை அவர் கண் விழித்ததும் அவரிடமே கேட்போம். என் எண்ணத்தைக் கேட்டால், விருப்பம்தான்" என்ற வரகுணை, வெள்ளாற்றை நோக்கிக் கை நீட்டினாள். "இந்த ஆற்றின்மேல் ஆணை! இனி இவ்வாயிலுக்கு வருபவர் எவரையும், வந்த காரியம் கேளாமல் நாங்கள் திருப்பி அனுப்பமாட்டோம்."

விடங்கன் ஒரு பந்தத்தை வாங்கி உயர்த்தி அசைத்தான். அக்கரையில் எரிந்த பந்தங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. குவாவன் வெகுநேரம் அந்த இருளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வரகுணையின் அருகே வந்தான்.

"இப்போது முரசு கொட்டலாமா, தேவி?" என்று கேட்டான்.