ஆளுக்குப் பாதிச் சீருடை

"கையை எடுங்க... நான்தான் முதல்ல பார்த்தேன்!"

"பார்த்தது நீங்க. எடுத்தது நான்."

திர்ஸா நிமிர்ந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் நெடுநெடுவென ஒருவன். தலைமுடியிலிருந்து மழை சொட்டியது. ஏரித் தண்ணீரின் நிறத்தில் கண்கள்... சே, கண்ணைப் பார்க்கிற நேரமா இது!

சர்ச் கூடத்தில் பழைய துணி விற்பனை. அவன் கையில், கோடை விடுமுறைக்குச் சிறுமிகள் வந்து தங்கும் பைன் முனைப் பெண்கள் முகாமின் முப்பது வருஷத்துப் பழைய சீருடை. முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டுகிற பச்சைக் கால்சட்டை. அதற்கான வெள்ளைச் சட்டை, மாலுமிக் காலரும் பச்சை டையுமாக, திர்ஸாவின் பிடியில். இருவரும் விடுவதாக இல்லை. விற்க நின்ற அம்மாள் சலித்துப்போய், "ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டு இடத்தைக் காலி பண்ணுங்க" என்றுவிட்டாள்.

"சட்டை இல்லாம இந்தக் கால்சட்டையை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"கால்சட்டை இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்களோ, அதையேதான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கன்னத்தில் குழி வேறு!

திர்ஸா விடவில்லை. சனிக்கிழமை முகாமின் ஐம்பதாவது ஆண்டு விழா. அடுத்த வருஷம் முதல் சீருடை கிடையாது, அவரவர் வீட்டு உடை போதும் என்று தலைவி மிஸ் விட்கம் முடிவெடுத்திருந்தாள். விழாவில் பழைய சீருடையோடு நின்று, எல்லார் முன்னாலும் அந்த முடிவை மறுத்துப் பேசப் போகிறாள் திர்ஸா. அங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலைதான் அவளுக்கு. வேலை போனாலும் போகட்டும்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு கொட்டும் மழையில் அவன் பட்டறைக்கே போய்விட்டாள். லூசியன்... படகு பழுதுபார்ப்பவன்.

"மறுபடியும் நீங்களா?"

"கால்சட்டை கிடைக்கிற வரைக்கும் தினம் வருவேன்."

"மழை நிக்கிற வரைக்கும் இருங்க, தப்பில்ல. ஆனா அது கிடைக்காது." அவன் குரல் இறுகியது. "இதைத் தைச்சது எங்கம்மா. லூயிஸ்டன் துணி ஆலையில பதினோரு வருஷம் உங்க முகாமுக்குத்தான் தைச்சாங்க. அந்த முகாமுக்குப் போகணும்னு எங்கக்கா அழுதா. பணம் கட்ட வழியில்ல. நூறு பொண்ணுங்களுக்குத் தைச்ச கையால சொந்தப் பொண்ணுக்கு ஒண்ணு போட்டுப் பார்க்க முடியல. உங்கள மாதிரி பணக்காரப் பொண்ணுங்களுக்கு இது வேடிக்கை..."

"பணக்காரியா... நானா?"

திர்ஸாவுக்குக் கண் நிறைந்தது. கோபமா, அழுகையா, அவளுக்கே தெரியவில்லை.

"எங்கம்மா அந்த முகாம்ல துணி வெளுத்தவங்க. அதனால என்னைச் சும்மா சேர்த்துக்கிட்டாங்க. ஆறு கோடை... எல்லாரும் ஒரே காலர், ஒரே டை. எந்தப் பொண்ணு யார் மகள்னு ஒருத்திக்கும் தெரியாது. எனக்கு வேற நல்ல உடுப்பே கிடையாதுன்னும் தெரியாது. அதுக்காகத்தான் அலையறேன்."

பையிலிருந்த சட்டையை எடுத்து மடித்து, அவனுடைய மேஜைமேல் வைத்தாள்.

"முழுசா உங்கம்மாகிட்டயே கொடுங்க."

"மிஸ்... நில்லுங்க..."

அவள் நிற்கவில்லை. பாதி வழியில்தான் குடையை அங்கேயே விட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போவாளா? நனைந்தே போனாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வெறுங்கையோடு மேடையேறப் போன திர்ஸா, பின்னால் பழைய லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். லூசியன்! அவன் தோளைப் பிடித்தபடி, ஓடில் என்ற அவன் அம்மா. கண்பார்வை மங்கிவிட்ட அந்தம்மாள், சீருடையைத் திர்ஸாவின் மேல் வைத்து விரல்களால் அளந்தாள்.

"தோள் சரியா இருக்கு. போட்டுக்கோம்மா... பெட்டியில வெக்கவா தைச்சேன்?"

போட்டுக்கொண்டாள். பேசினாள். துணி வெளுத்தவளின் மகள் நான் என்றுதான் ஆரம்பித்தாள். அதைத் தைத்தவள் இதோ என்று ஓடிலைக் காட்டினாள். ஒரு காலத்தில் அதே சீருடை போட்ட நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று கைதட்டின. மிஸ் விட்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சரி பெண்ணே. சீருடை இருக்கும். தொல்லை தாங்கலை உன்னோட."

சாயங்காலம் படகுத்துறையில் லூசியன் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே நின்றான்.

"அன்னிக்குப் பேசினது தப்பு, திர்ஸா. மன்னிச்சுடு."

"மன்னிச்சாச்சு. அவ்வளவுதானா?"

"இல்ல... படகுன்னா ஓட்டை எங்கன்னு உடனே சொல்லிடுவேன். இதுல... எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

அவன் காது மடல் சிவந்தது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவனுக்குக் கேட்டுவிடுமோ என்றிருந்தது திர்ஸாவுக்கு. ஆனாலும் தலை குனியவில்லை.

"அப்போ நான் ஆரம்பிக்கறேன். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, லூசியன். ரொம்ப."

"எனக்கும்..." என்றான் அவன். தொப்பி தண்ணீரில் விழுந்தது. இருவருமே அதை எடுக்கக் குனியவில்லை.